மற்களமும் கமராக் கண்ணும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பது எங்கள் வழக்கு. ஞாயிறு படுகின்ற கரை என்பது அதன் பொருள். அக்கரையிலே வவுணதீவையும் ஆயித்தியமலையையும் கடந்து மேலும் சென்றால் உன்னிச்சைக் குளத்தின் நீண்ட அணைக்கட்டுத் தோன்றும். குளத்து நீரை நம்பி விளையும் வயல்களும், அந்தி வேளையிற் காடு விட்டு இறங்கும் யானைகளும் அவ்வூரின் அடையாளங்கள். அப்பகுதியிலே ஒரு பாடசாலையின் அதிபராகப் பணிபுரிபவன் நான். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளோ மற்போர். பாடசாலை அதிபருக்கும் மற்போருக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். அவ்வுறவை உண்டாக்கியவர்கள் என் மாணவர் இருவர்.

ஒரு நாள் இடைவேளையின்போது 8 ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் விறாந்தையின் அரைச்சுவர்மீது ஏறி, கீழே மணலில் மல்லாந்து கிடந்த தன் தோழன்மேற் பாய்ந்துவிட்டான். கிடந்தவனுக்கு முழங்கை பிசகிவிட்டது. பாய்ந்தவன் அழுதுகொண்டு என் முன்னே வந்து நின்றான். இருவருக்குமிடையே பகை சிறிதும் இல்லை, உற்ற நண்பர்கள். தொலைக்காட்சியிற் கண்ட மற்போரை விளையாடியிருக்கிறார்கள். நான் அவனை ஏசவில்லை. "தொலைக்காட்சியிலே பாய்ந்தவர் தம் கைகளை எங்கே ஊன்றினார்? கீழே கிடந்தவர் அவரை எவ்வாறு ஏந்தினார்?" என்று மட்டும் கேட்டேன். அவன் நெடுநேரம் யோசித்தான். பின்பு, "அந்த இடத்தக் காட்டல்ல, சேர்" என்றான்.

அவ்விடை என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பாய்ச்சலைக் காட்டினார்கள்; வீழ்ந்த பின் துடிப்பதைக் காட்டினார்கள்; இரண்டுக்கும் இடைப்பட்ட, காணத்தக்க, கற்கத்தக்க அந்தக் கணத்தை மட்டும் காட்டவில்லை. இஃது ஒரு சிறுவனின் சாக்குப்போக்கு அன்று. தொலைக்காட்சி மற்போரைப் பார்க்கும் உலகத்தார் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறையே இது. மற்போரை மனிதர் எவ்வாறு கண்டுவந்தனர், அக்காட்சி எவ்வாறு துண்டு துண்டாயிற்று என்பதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

நம் தமிழிலக்கியத்தில் மற்போரைப் பற்றிய மிகப் பழைய வருணனைகளுள் ஒன்று புறநானூற்றிலே உள்ளது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர்குலத்தவன் ஆமூர் என்ற இடத்திலே பெருவலி படைத்த மல்லன் ஒருவனுடன் பொருது வென்றான். அதைப் பாடியவர் சாத்தந்தையார். வெற்றி பெற்றான், வாழ்க என்று மட்டும் பாடிவிட்டு அவர் போகவில்லை. வென்றவனின் ஒரு கால் எதிரியின் மார்பிலே ஊன்றியிருந்தது. மற்றைக் கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்து நின்றது என்று இரண்டு காலுக்கும் இடம் சொல்கிறார். மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானையைப் போல, தலையும் காலும் ஒருங்கே ஒடிய எதிரியை மோதினான் என்கிறார். இதைக் கிள்ளியின் தந்தையாகிய தித்தன் காணவேண்டுமே, மகனிடம் அவன் அன்பு கொள்ளினும் கொள்ளாவிடினும் இதைக் கண்டாக வேண்டுமே என்று ஏங்குகிறார்.

அதே கிள்ளியைப் பாடியவர் மற்றொருவர் நக்கண்ணையார். பெருங்கோழி நாய்கன் மகளாகிய இப்பெண்பாற் புலவர் கிள்ளிமீது காதல் கொண்டவர். ஊரிலே ஒரு சாரார் வெற்றி அவனுடையது என்கிறார்கள். மறுசாரார் இல்லை என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு அவர் வீட்டினுள்ளே அமர்ந்திருக்கவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, வீட்டருகே நின்ற பனைமரத்தின் அடியிலே பொருந்தி நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

நேயர்களே, இவ்விரு புலவரும் நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றனர். மற்போர் என்பது இரண்டு முழு உடல்களின் கலை. ஒருவனுடைய கை எங்கே என்பதை அறியவேண்டுமாயின் மற்றவனுடைய கால் எங்கே என்பதையும் அறியவேண்டும். இது முதலாவது உண்மை. காண்பவன் ஓரிடத்திலே நிலைத்து நின்று, இடையறாது நோக்கி, தானே முடிவு செய்தல் வேண்டும் என்பது இரண்டாவது. அந்தப் பனையடிக்கு ஒப்பான நிலைத்த இடம் இல்லாதவன் பிறர் சொல்வதையே நம்பவேண்டியவனாகிறான்.

மல்லின் பெருமை நம் வரலாற்றிற் பின்னரும் குன்றவில்லை. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தைப் பெருமையோடு தாங்கினான். அவன் பெயரால் விளங்கும் மாமல்லபுரத்தைக் காண இன்றும் உலகத்தார் வந்துகொண்டிருக்கின்றனர். அண்மைக் காலத்துக்கு வந்தால், பஞ்சாபிலே புகழ் பெற்ற காமா என்னும் மல்லர் 1910 ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்குச் சென்று, போலந்து நாட்டு மல்லராகிய ஸ்பிஸ்கோவுடன் பொருதார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவரைப் புரட்ட இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் காமா முயன்றும் போட்டி முடிவின்றி நின்றது. 18 ஆண்டுகள் கழித்து, 1928 இல், பட்டியாலாவிலே இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள்ளேயே வென்றுவிட்டார். முதற்போரின் இரண்டரை மணி நேரமும் பார்ப்பவர்க்குச் சலிப்பாகவே இருந்திருக்கும். ஆயினும், அந்தச் சலிப்பை அறிந்தவர்களுக்கே அடுத்த போரின் ஒரு நிமிடம் எத்தகைய வியப்பு என்பது விளங்கும். காலத்தை வெட்டினால் வியப்பும் வெட்டுண்டுபோகும்.

இதற்குள் அமெரிக்காவிலே மற்போர் வேறொரு வழியிற் செல்லத் தொடங்கியிருந்தது. ஊர் ஊராகச் செல்லும் களியாட்டுக் கூட்டங்களோடு வளர்ந்த அந்த மற்போரில், முடிவை முன்னரே பேசிக்கொள்ளும் வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றியது. 1920களில் எட் லூயிஸ் என்ற மல்லரும் அவரோடு சேர்ந்த இருவரும் நெடும் பிடிகளைக் குறைத்து, எறிதலும் மோதுதலும் நிறைந்த விரைவான ஆட்டத்தை வகுத்தனர். போட்டி, காட்சியாயிற்று. இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. முடிவை அறிந்து ஆடுவது கலைக்கு இழுக்கன்று. கர்ணன் இறப்பான் என்பதை அறியாமலா நாம் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலே தொலைக்காட்சி பரவியபோது, அதற்கு முதலிற் கைகொடுத்த விளையாட்டுகளுள் மற்போரும் ஒன்று. காரணம் மிக எளிது. பந்து விளையாட்டுக்குப் பரந்த மைதானம் வேண்டும். அக்காலத்துப் பெரிய கமராக்களால் ஓடும் பந்தைத் தொடர்ந்து செல்வது கடினம். மற்களமோ கயிறு கட்டிய ஒரு சிறு சதுரம். மேலே வலிய விளக்குகளை ஏற்றி, ஓரிரு கமராக்களைத் தக்க தூரத்தில் நிறுத்திவிட்டாற் போதும். இரண்டு உடல்களும் தலை முதற் கால் வரை சட்டத்துள் அடங்கிவிடும். கருவியின் குறைவே காண்பவனுக்கு நன்மையாயிற்று. கமராவைத் திருப்ப வழியில்லாமையால் அது பனைமரம் போல நின்ற இடத்திலேயே நின்றது.

அக்காலத்திலே தொலைக்காட்சியால் வாழ்ந்தவர் கோர்ஜஸ் ஜோர்ஜ். 1947 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத் தொலைக்காட்சியிலே தோன்றிய இம்மல்லர் பொன்னிறச் சுருள்முடியும் பட்டு மேலங்கியுமாக வருவார். பணியாள் ஒருவன் முன்னே சென்று களத்துக்கு வாசனை நீர் தெளிப்பான். மக்கள் அவரை வெறுத்துக்கொண்டே விரும்பிப் பார்த்தனர். செயற்கையும் அன்றே நுழைந்துவிட்டது. டெனிஸ் ஜேம்ஸ் என்ற அறிவிப்பாளர் மல்லர் பிடியில் அகப்படும்போது எலும்பு முறிவது போன்ற ஓசையைத் தம் ஒலிவாங்கியின் அருகே எழுப்பிச் சிரிக்க வைப்பார். ஆனால் அது காதுக்குச் செய்த குறும்பு. கண் ஏமாற்றப்படவில்லை.

யப்பானிலே 1954 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரிக்கிடோசான் என்னும் மல்லர் தம் துணைவருடன் சேர்ந்து, ஷார்ப் சகோதரர் என்ற வெளிநாட்டு மல்லரை எதிர்த்துப் பொருதார். வீட்டிற் தொலைக்காட்சி இல்லாத மக்கள் தெருச்சந்திகளில் வைக்கப்பட்டிருந்த பெட்டிகளின் முன்னே பெருங்கூட்டமாகத் திரண்டு நின்று அதைக் கண்டனர். போரில் தோற்றுத் துவண்டிருந்த ஒரு நாட்டுக்கு அக்காட்சி நிமிர்வைத் தந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். பிரித்தானியாவிலும் பல ஆண்டுகள் சனிக்கிழமை மாலைகளில் மற்போர் ஒளிபரப்பாயிற்று. 1988 முடிவிலே அது நிறுத்தப்பட்டது.

நம் பக்கத்து நாடுகளில் அக்காலத்தில் ஓங்கி ஒலித்த பெயர்கள் இரண்டு. ஒன்று தாரா சிங், மற்றொன்று கிங்கொங். கிங்கொங் என்பவர் எமில் சாயா என்னும் ஐரோப்பியர். சிங்கப்பூரை இருப்பிடமாகக் கொண்டு ஆசிய நகரங்களிலே பொருதவர். 1970 இல் மறைந்தார். தாரா சிங் 1959 இல் பொதுநலவாய நாடுகளின் வாகையராகவும், 1968 இல் பம்பாயிலே லூ தெஸ் என்ற அமெரிக்கரை வென்று உலக வாகையராகவும் விளங்கினார். 1983 இல் ஓய்வு பெற்றார். அவர் பொருத காலத்தில் நம்மவர் பலர் அவரைக் கண்ணாற் கண்டதில்லை. செய்தித்தாளில் வரும் படமும், ஊருக்குத் திரும்பிய பயணிகளின் வாய்மொழியுமே அவர் புகழைப் பரப்பின. பின்னர் 1987 முதல் இந்தியத் தொலைக்காட்சியின் இராமாயணத் தொடரில் அனுமனாக அவர் தோன்றியபோதுதான் மக்கள் வீட்டுக்குள் இருந்தபடியே அவரை நன்கு கண்டனர்.

நம் நாட்டிலே தொலைக்காட்சி 1979 இல் வந்தது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. நான் அப்போது சிறுவன். படுவான்கரையின் உட்கிராமங்களுக்கு மின்சாரம் எட்டாத காலம் அது. கார் பற்றரியிலே இயங்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று ஊருக்கு ஒரு வீட்டில் இருந்தாலே பெரிது. முற்றத்திற் பாய் விரித்து ஊரே அமர்ந்திருக்கும். பற்றரி வலுவிழக்க இழக்கப் படம் நான்கு ஓரங்களிலும் சுருங்கி நடுவிலே ஒரு கையகலமாகிவிடும். அந்தக் கையகலப் படத்திலும் இரண்டு மனிதர் பொருவதை நாங்கள் தெளிவாகக் கண்டோம். இன்று சுவரளவு பெட்டியிலே, மயிர்க்கால் தெரியும் தெளிவிலே பார்க்கும் என் மாணவன், "அந்த இடத்தக் காட்டல்ல" என்கிறான். இஃது எவ்வாறு நேர்ந்தது?

1982 இல் வின்ஸ் மக்மகோன் என்பவர் தம் தந்தையிடமிருந்து அமெரிக்க மற்போர் நிறுவனம் ஒன்றை வாங்கினார். இன்று டபிள்யூ டபிள்யூ ஈ எனப்படுவது அதுவே. வட்டாரத்துக்கு ஒரு நிறுவனமாகச் சிதறிக் கிடந்த மற்போரை அவர் தொலைக்காட்சியின் துணையால் நாடு முழுவதற்கும், பின்பு உலகம் முழுவதற்கும் உரிய ஒரே காட்சியாக்கினார். 1985 இல் ரெஸில்மேனியா என்னும் பெருவிழா தொடங்கியது. 1989 இல், மற்போர் என்பது போட்டியன்று, கேளிக்கையே என்று அந்நிறுவனம் நியூ ஜேர்சி மாநில ஆட்சிமன்றத்தின் முன்னே தானே ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்குரிய மேற்பார்வையிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் விடுபடுவது அதன் நோக்கம். 1993 இல் திங்கட்கிழமை இரவு நிகழ்ச்சி தொடங்கியது. அந்நிறுவனத்தின் தொலைக்காட்சித் தயாரிப்பை நெடுங்காலம் நடத்தி, 2023 முடிவிலே விலகியவர் கெவின் டன். ரசிகர்கள் குறைகூறும் படப்பிடிப்பு முறை பெரும்பாலும் அவர் பெயராலேயே சுட்டப்படுகிறது.

அம்முறையின் இயல்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது, அடி விழும் கணத்திலே காட்சியை மாற்றுதல். ஒருவர் கையை ஓங்குவதை ஒரு கமரா காட்டும். கை இறங்கும்போது வேறொரு கமராவுக்குத் தாவிவிடுவார்கள். இமைப்பொழுதிற் கோணம் மாறுவதால் நம் கண் தடுமாறுகிறது. அடிபட்டதா, எங்கே பட்டது என்று அறிவதற்குள் மற்றவர் வீழ்ந்து கிடக்கிறார். இரண்டாவது, அடியோடு சேர்த்துக் கமராவையே உலுக்குதல், விரைந்து அருகே இழுத்தல். மல்லன் அதிரவேண்டிய இடத்திலே படம் அதிர்கிறது. சிலருக்கு இதனால் தலைசுற்றலே உண்டாகும். மூன்றாவது, மிக அருகே செல்லுதல். பிடியிலே அகப்பட்டவரின் முகம் மட்டும் திரையை நிறைக்கும். எந்தக் கை எந்தக் காலைப் பூட்டியிருக்கிறது என்பது தெரியாது. சாத்தந்தையார் சொன்ன இரண்டு கால்களையும் இங்கே தேடினாலும் காணமுடியாது.

நான்காவது, களத்தை விட்டுப் பார்வையாளர் பக்கம் ஓடுதல். வாயைப் பிளந்த ஒருவர், கண்ணீர் விடும் ஒரு சிறுமி, பதாகை ஏந்திய ஒரு கூட்டம். நாம் வியக்குமுன்னரே, இப்போது வியக்கவேண்டும் என்று நமக்கு அறிவிக்கப்படுகிறது. ஐந்தாவது, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே விளம்பரத்துக்குச் செல்லுதல். திரும்பி வரும்போது வென்றுகொண்டிருந்தவர் தோற்றுக்கொண்டிருப்பார். இடையிலே நிகழ்ந்தது என்ன என்பதை அறிவிப்பாளர் வாயாற் கேட்டு அறியவேண்டியதுதான்.

ஆறாவது ஓசை. முன்னதாகப் பதிவு செய்து ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சிகளிலே ஆரவாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு. 2020 இலே பெருந்தொற்றுக் காலத்தில் அரங்கு வெறுமையானபோது, ஏறத்தாழ ஆயிரம் ஒளித்திரைகளை அடுக்கி, வீட்டிலிருந்தவரின் முகங்களை அவற்றிலே தோற்றுவித்து, ஆரவாரத்தைச் செயற்கையாக ஒலிக்கச் செய்தனர். அந்த நெருக்கடியிலே அது செய்யத்தக்க உபாயமே. ஆயினும் அந்த வெற்று அரங்கு ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. ஆரவாரமும் சமைக்கக்கூடிய பண்டமே என்பது எல்லார்க்கும் தெரிந்துபோயிற்று.

இம்முறைக்கு நியாயமே இல்லையா என்றால், உண்டு. பல்லாயிரவர் கூடும் அரங்கிலே தொலைவில் இருப்பவருக்கு மல்லர் எறும்பளவே தெரிவர். அருகே காட்டும் கமராவும் பெருந்திரையும் இல்லையேல் அவர்கள் முகத்தை அறியார். முகம் காட்டும் கோபமும் அச்சமும் துயரும் கதைக்கு வேண்டியவை. வேறொரு காரணமும் சொல்வார்கள். இம்மற்போரிலே அடிகள் முழு வலிவோடு விழுவதில்லை. ஓங்கிய கை தோளை உரசிச் செல்லும். அதே கணத்தில் உதைக்கும் கால் களத்தின் பலகையிலே ஓசை எழுப்பும். களத்தின் கீழ் உள்ள ஒலிவாங்கி அதைப் பெரிதாக்கும். இந்த இரகசியம் வெளிப்படாமற் காக்கவே காட்சியை மாற்றுகிறோம் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை ஏற்க என் மனம் இசையவில்லை. அதற்கு எங்கள் மண்ணின் கூத்தே சான்று. மட்டக்களப்பிலே வடமோடியும் தென்மோடியும் வட்டக் களரியிலே ஆடப்படுபவை. மண்ணாற் சற்று உயர்த்திய வட்டத்தின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார்; சுற்றிலும் ஊர் அமர்ந்திருக்கும். எந்தப் பக்கமும் மறைப்பில்லை. இரு வீரர் பொருதால், வாள் உடலைத் தொடவில்லை என்பதை முன்வரிசைக் குழந்தையும் காணும். கர்ணன் வீழ்ந்தான் எனினும் அடுத்த நாட் காலை அவனே எருமை கட்டப் போவான் என்பதும் எல்லார்க்கும் தெரியும். எனினும் அவன் வீழும்போது கண்ணீர் விடாத தாய்மார் உண்டா? பொய் என்பது வெளிப்படையாயிருந்தும் உணர்ச்சி மெய்யாகிறது. காரணம், ஆடுபவனின் திறமையைத் தலை முதற் கால் வரை நாம் காண்கிறோம்.

காட்சியின் சட்டம் மாறக்கூடாது என்பதும் என் கருத்தன்று. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் எங்கள் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் படச்சட்ட மேடைக்குக் கொண்டு சென்றார். நாற்புறமும் காணும் கலை ஒருபுறம் காணும் கலையாயிற்று. விடிய விடிய ஆடியது சில மணி நேரமாகச் சுருங்கிற்று. இராவணேசன் என்னும் நாடகத்திலே இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு மண்ணின் மைந்தராகிய பேராசிரியர் சி. மௌனகுரு. நேரம் சுருங்கியது, திசை மாறியது, ஆனால் ஆடுபவனின் காலை எவரும் வெட்டவில்லை. தாளக்கட்டு நிறைவுறுமுன் திரையை இழுக்கவும் இல்லை. சுருக்குதல் வேறு, சிதைத்தல் வேறு. கலையை அறிந்தவன் சுருக்கும்போது எதை விடக்கூடாது என்பதை அறிவான்.

கமரா விலகவேண்டிய இடமும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. 1999 மே மாதத்திலே கன்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றின் வழியே இறங்கும்போது, அது கழன்று வீழ்ந்து உயிர் துறந்தார். அந்த வீழ்ச்சி தொலைக்காட்சியிலே காட்டப்படவில்லை. பின்னரும் கமராக்கள் பார்வையாளர் பக்கமே திரும்பி நின்றன. இது கதையன்று, மெய்யான விபத்து என்பதை அறிவிப்பாளர் ஜிம் ரொஸ் நேயர்க்குச் சொன்னார். அன்று கண்ணை விலக்கியது மனிதப் பண்பு. அதன் பின்னும் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்களே, அதுதான் பலர் உள்ளத்தைப் புண்படுத்தியது. ஆகவே, காட்டாமை எப்போதும் குற்றமன்று. எதற்காகக் காட்டவில்லை என்பதே கேள்வி. துன்புற்றவனின் மானத்தைக் காக்க மறைப்பது ஒன்று. பார்ப்பவனின் பரபரப்பைக் கூட்ட மறைப்பது மற்றொன்று.

இரண்டாவது வகை மறைப்பால் விளையும் தீங்கை நான் என் மாணவனிடத்திலே கண்டேன். தொழில்முறை மல்லர் மேலிருந்து பாயும்போது தம் பாரத்தின் பெரும்பகுதியைக் கைகளிலும் முழங்காலிலும் ஏற்றுக்கொள்வர். கீழே கிடப்பவர் கைகளை உயர்த்தி அவரை ஏந்துவார். முதுகிலே வீழ்பவர் தாடையை மார்போடு ஒட்டி, தலை தரையிற் படாமற் காத்து, முதுகு முழுவதாலும் அதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்வார். இவற்றைப் பழகுவதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். எதிரிகள் போலத் தோன்றும் அவ்விருவரும் ஒருவரையொருவர் காக்கும் தோழர்கள். மற்போரின் உயிர்நிலை அந்தக் காப்பிலேதான் இருக்கிறது. அந்தக் கணத்தை வெட்டி எறிந்தால் எஞ்சுவது என்ன? பாய்ச்சலும் ஓலமும் மட்டுமே. "இதை வீட்டிலே செய்து பார்க்காதீர்கள்" என்ற எச்சரிக்கை இத்தகைய நிகழ்ச்சிகளிலே வருவதுண்டு, நல்லதே. ஆனால் ஏன் செய்யக்கூடாது என்பதற்கான காரணத்தைக் கண்ணுக்குக் காட்டாமல் எச்சரிக்கையை மட்டும் காதிலே ஓதினால், சிறுவன் கண்ணையே நம்புவான்.

ரசிகர்களின் குறை வீண்போகவில்லை என்பதும் வரலாறே. 2024 முதல், விளையாட்டு ஒளிபரப்பிலே தேர்ந்த லீ பிட்டிங் என்பவர் அந்நிறுவனத்தின் தயாரிப்புப் பொறுப்பை ஏற்ற பின்னர், காட்சிகள் நீளத் தொடங்கின, தாவல் குறைந்தது, உடைமாற்றும் அறையிலிருந்து களம் வரை மல்லரின் வருகையை ஒரே தொடர்காட்சியாகக் காட்டும் முறை வந்தது. குறைகள் எல்லாம் நீங்கிவிட்டன என்று சொல்ல முடியாது. ஆயினும் பார்ப்பவர் இடைவிடாது கேட்டால் காட்டுபவர் செவிசாய்க்கவே வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

கேட்பதற்கு முன், எதைக் கேட்கவேண்டும் என்பதை அறிதல் வேண்டுமன்றோ? முழங்கை குணமாகிப் பிள்ளை பாடசாலைக்குத் திரும்பிய பின், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவ்வகுப்பு மாணவரை ஒன்றாக அமர்த்தினேன். பழைய கறுப்பு வெள்ளை மற்போர்ப் பதிவு ஒன்றை ஓசையை நிறுத்திவிட்டுக் காட்டினேன். "யார் வெல்வார் என்று பார்க்கவேண்டாம், இருவருடைய கால்களும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்" என்றேன். முதற் சில நிமிடம் சலசலப்பு, பிறகு அமைதி. சற்று நேரத்திலே, அன்று பாய்ந்த அதே மாணவன் எழுந்து, "சேர், விழுத்துறவர் மற்றவருட கழுத்துக்குக் கீழ கைய வச்சுத்தான் விழுத்துறார்" என்றான். முழங்கை பிசகியவன் பக்கத்திலிருந்து, "நீ எனக்கு வைக்கல்லயேடா" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நேயர்களே, இன்று உலகத்தை நாம் பெரும்பாலும் பிறர் வெட்டி ஒட்டிய துண்டுகளாகவே காண்கிறோம். மற்போர் மட்டுமா? ஒரு தெருச்சண்டையும், ஓர் அரசியற் கூட்டமும், ஒரு நாட்டின் போரும் கூட, கை ஓங்குவதும் ஆள் வீழ்ந்து கிடப்பதுமாகவே கைத்தொலைபேசியில் வந்து சேர்கின்றன. இடைப்பட்ட கணத்தைக் காட்டுவாரில்லை. அதைத் தேடும் பழக்கத்தை மற்போர் போன்ற ஒரு விளையாட்டிலேயே பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டால், பெரிய காரியங்களிலும் அவர்கள் அதைத் தேடுவார்கள்.

வானொலியிலே பேசும் நானும் உங்களுக்கு எதையும் காட்டவில்லை, சொல்லத்தான் செய்தேன். ஆகையால் என் சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மற்போர் பார்க்கும்போது அவர்கள் பக்கத்திலே சென்று அமருங்கள். தொலைக்காட்சியின் ஓசையைச் சற்றுக் குறையுங்கள். அடி விழும் கணத்திலே படம் தாவினால், "அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அவன் சொல்லும் விடையைப் பொறுமையோடு செவிமடுங்கள்.